நேசநாடா, ஏவல் நாடா?

"நட்பு நாடென்று கைகுலுக்குகிறாயே, நாங்கள் போரில் இறங்கும்போது நீ மட்டும் கைகட்டி நிற்பதா? படை அனுப்பு! படை இல்லையா, பணம் அனுப்பு! அதுவும் இயலாதா, துறைமுகத்தைத் திறந்து விடு. எங்கள் எதிரியோடு நீ செய்யும் வாணிபத்தை நிறுத்து!" வல்லரசுகள் நேசநாடுகளைப் பார்த்து இப்படிப் பேசுவது புதிதன்று. படை பலம் என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்தே இந்தப் பேச்சும் உண்டு. நம்மை வருத்துவது வேறொன்று. படித்தவர்களே, பத்திரிகை பார்ப்பவர்களே, "அதில் என்ன தவறு? நண்பன் அழைத்தால் போகத்தானே வேண்டும்? வர மறுக்கும் நண்பனைக் கொஞ்சம் நெருக்கினால்தான் என்ன?" என்று தேநீர்க் கடையிலும் தொலைக்காட்சியிலும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்களே, அதுதான்.

நெருக்கக் கூடாது என்கிறோம் நாம். நெருக்கப்படுகிறவனுக்கு அது கேடு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நெருக்குகிறவனுக்கும் அது கேடு. அவன் எடுத்துக்கொண்ட வழக்கு நியாயமானதாகவே இருந்தாலும் கேடு. இதை விளக்க வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் போக வேண்டியதில்லை, தோழர்களே! கயத்தாறு போதும்.

கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே, கரிசல் நடுவே கிடக்கிறது கயத்தாறு. மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும் மண். வெயில் ஏறினால் பாளம் பாளமாய் வெடிக்கும் மண். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைவிக்க உழவன் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சீமை. இன்று பெருஞ்சாலையில் விரைவோர் காற்றாலைகளைப் பார்க்கிறார்கள், கட்டபொம்மன் சிலையைப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். சிலையை நிறுவியவர், 1959-இல் வெளிவந்த படத்தில் அந்த வீரனாகவே முழங்கிய சிவாஜி கணேசன். 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மன் அங்கே புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டான் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த மரத்தடியில் கூட்டி வைக்கப்பட்டிருந்தவர்கள் யார் என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மேஜர் பானர்மன் அன்று கட்டபொம்மனைத் தனியே விசாரித்துத் தனியே தூக்கிலிடவில்லை. சுற்றுவட்டாரப் பாளையக்காரர்களை எல்லாம் ஆளனுப்பி வரவழைத்தான். அவர்கள் முன்னிலையில் குற்றச்சாட்டுகள் படிக்கப்பட்டன. அவர்கள் முன்னிலையிலேயே தண்டனை சொல்லப்பட்டது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தண்டனை நிறைவேறியது. அங்கே நின்ற கட்டபொம்மனின் தோற்றத்தைப் பானர்மனே மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் சொல்லியிருக்கிறான். எட்டயபுரத்துப் பாளையக்காரனையும் சிவகிரிப் பாளையக்காரனையும் கட்டபொம்மன் அடிக்கடி ஏளனமாகப் பார்த்தான். தூக்கு மரத்தை நோக்கி அஞ்சாமல் நடந்தான். போகும்போது இருபுறமும் நின்ற பாளையக்காரர்கள் மீது வெறுப்பை உமிழும் பார்வையை வீசிக்கொண்டே போனான். எழுதியவன் எதிரி; ஆகவே இதில் நம்மவர் கற்பனை கலந்திருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றிலும் இந்த அறிக்கை இடம் பெற்றிருக்கிறது.

இருபுறமும் நின்றார்களே, அவர்கள்தாம் கும்பெனியின் நேசநாடுகள்!

அவர்கள் எப்படி நேசர்கள் ஆனார்கள்? 1792-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் அதிகாரம் கும்பெனியின் கைக்கு வந்தது. அன்று முதல் ஒவ்வொரு பாளையத்தின் முன்னும் ஒரே கேள்வி: நீ எங்கள் பக்கமா, இல்லையா? நடுவில் நிற்க இடமில்லை. கட்டாதவன் கலகக்காரன். கலகக்காரனுக்குப் பக்கத்து நிலத்தில் இருப்பவனும், கும்பெனிக்குத் துணை வராவிட்டால், கலகக்காரன் ஆகிவிடுவான். 1798-இல் கலெக்டர் ஜாக்சனைக் காணக் கட்டபொம்மன் ஊர் ஊராக அலைக்கழிக்கப்பட்டு, இராமநாதபுரத்தில் நிற்க வைத்தே விசாரிக்கப்பட்ட கதை நாடறிந்தது. அந்த அவமதிப்பு பாஞ்சாலங்குறிச்சிக்கு மட்டுமன்று, பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பாளையங்களுக்கும் பாடமாகத்தான் நடத்தப்பட்டது. 1799 செப்டம்பரில் பானர்மன் படையெடுத்தபோது அவனுக்கு நேசர்கள் பலர் இருந்தனர். திருவிதாங்கூர்ப் படை வந்தது. எட்டயபுரத்து ஆட்கள் வந்தனர். 5-ஆம் நாள் கோட்டை தாக்கப்பட்டது. கட்டபொம்மன் தப்பிப் புதுக்கோட்டைச் சீமைக் காடுகளை அடைந்தான். தொண்டைமானின் ஆட்கள் பிடித்தார்கள், கும்பெனியிடம் ஒப்படைத்தார்கள்.

இங்கே நம்மில் பலர் உடனே ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். "எட்டப்பன்!" காட்டிக் கொடுப்பவனுக்கு அதுவே தமிழில் பொதுப்பெயர் ஆகிவிட்டது. மேடைதோறும் அந்தச் சொல்லை வீசுகிறோம்; கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் ஒருவனை வைதுவிட்டால் வரலாறு விளங்கிவிடுமா? எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறும் பழம்பகையும் இருந்தன. கும்பெனி அந்தப் பகையைப் புதிதாக உண்டாக்கவில்லை. அதற்கு வெடிமருந்து கொடுத்தது. பகை இருந்த இடத்தில் ஆசை காட்டியது. ஆசைக்கு மயங்காதவனிடம் அச்சத்தைக் காட்டியது. இரண்டுக்கும் பெயர் 'நட்பு' என்று வைத்தது. அந்த இயந்திரம் எப்படி ஓடியது என்று பார்க்காமல், அதில் அகப்பட்ட ஒரு பல்லை மட்டும் பிடுங்கிக் காட்டி வைது திரிவது பகுத்தறிவாளர் செய்யும் வேலையன்று.

அந்த நேசர்களுக்கு என்ன கிடைத்தது? இதைத்தான் ஒவ்வொரு இளைஞனும் படிக்க வேண்டும்.

பாஞ்சாலங்குறிச்சியும், அதனோடு நின்ற நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோல்வார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்களும் பறிமுதல் ஆயின. அது எதிர்த்தவர்களுக்கு. துணை வந்தவர்களுக்கு? எட்டயபுரத்துக்குப் பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கு கிடைத்தது, உண்மை. ஆனால் அதே அக்டோபர் மாதத்தில், தூக்குக் கயிற்றின் தடம் மரக்கிளையில் மறையும் முன்பே, பானர்மனின் ஆணை வந்தது: பாளையக்காரர்கள் தங்கள் கோட்டைகளை இடித்துவிட வேண்டும், படைக்கலங்களை ஒப்படைக்க வேண்டும். யாருடைய கோட்டைகள்? எதிர்த்தவனுடைய கோட்டை என்று மட்டும் ஆணை சொல்லவில்லை. கும்பெனிக்காக நேற்றுவரை ஆள் அனுப்பியவனும் இன்று தன் மதிலைத் தானே இடிக்க வேண்டும்! 1801-ஆம் ஆண்டு இறுதியில் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையங்களில் படையும் படைக்கலமும் வைத்திருப்பதையே அடியோடு தடை செய்தது. 1803-இல் பாளையக்காரர்கள் ஜமீன்தார்களானார்கள். வாள் போயிற்று, சனது வந்தது. போர் தொடுக்கவும் மறுக்கவும் உரிமையுடையவனாக இருந்தவன், தவணை தவறாமல் பேஷ்குஷ் கட்டும் குத்தகைக்காரனானான்.

மறுக்க முடியாத நிலையில் ஒருவன் கொடுக்கும் துணைக்கு இதுதான் விலை. அவன் துணை வேண்டியவரையில் அவன் நண்பன். எதிரி ஒழிந்த மறுநாள், ஆயுதம் வைத்திருக்கும் இன்னொருவன், அவ்வளவே. பாஞ்சாலங்குறிச்சி நின்ற வரையில்தான் எட்டயபுரத்தின் நட்புக்குக் கும்பெனியின் சந்தையில் விலை இருந்தது. தன் கையாலேயே அந்த விலையை இறக்கிக்கொண்டது எட்டயபுரம்.

தொண்டைமான் கதை வேறாயிற்றே என்பார்கள். ஐதர், திப்பு காலத்திலிருந்தே கும்பெனிக்கு உதவிய அவனுக்கு 1803-இல் கீழாநிலைச் சீமை வழங்கப்பட்டது. புதுக்கோட்டை 1948 வரை தனி அரசாகவே இருந்தது. இருந்தது, உண்மை. அந்தத் தனி அரசு, கும்பெனி கேட்ட ஒரு போருக்காவது 'வர மாட்டேன்' என்று சொல்லித் தன் தனிமையை மெய்ப்பித்ததா? சொல்லிப் பார்க்காத உரிமையை உரிமை என்று எப்படி எண்ணுவது?

இனி நம்மவர் பக்கமும் ஒரு சொல் சொல்ல வேண்டும். சிலருக்குக் கசக்கும். கும்பெனி மட்டும்தான் அண்டை அயலாரை நெருக்கியதா? சிவகிரிப் பாளையக்காரன் ஏன் கயத்தாற்றில் கும்பெனியின் பக்கம் நின்றான்? கும்பெனிக்குக் கிஸ்தி கட்டி வந்த அந்தப் பாளையத்தைத் தன் அணிக்கு இழுக்க விரும்பினான் கட்டபொம்மன். தந்தைக்கு எதிராக மகனைத் தூண்டினார்கள். பாஞ்சாலங்குறிச்சி ஆட்கள் சிவகிரிக்குள் புகுந்தார்கள். விளைவு என்ன? சிவகிரி அணிக்கு வரவில்லை. கும்பெனியின் மடியில் போய் விழுந்தது. படையெடுக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த கும்பெனிக்கு, 'எங்கள் ஆதரவாளனைத் தாக்கிவிட்டான்' என்ற காரணமும் கையில் கிடைத்தது. அந்நியனை எதிர்த்த வழக்கு நியாயமான வழக்கு. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நியாயமான வழக்கிற்கு வலுக்கட்டாயமாக ஆள் சேர்த்தபோது, அந்த ஆள் எதிரிக்குச் சொந்தமானான். கட்டபொம்மனை வணங்கச் சொல்லி யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை, மதிக்கிறோம். மதிப்பது வேறு, கண்ணை மூடிக்கொள்வது வேறு.

இதோடு 1801-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து பிப்ரவரியில் தப்பிய ஊமைத்துரை, இடிந்த கோட்டையை மீண்டும் எழுப்பினான். கரிசல் சீமைச் சிற்றூர் மக்கள் மண் சுமந்தார்கள். மே மாதம் கோட்டை விழுந்ததும் அவன் சிவகங்கைக்குப் போனான். மருதிருவர் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். யார் அவர்களை நெருக்கினார்கள்? யாருமில்லை. சேர்த்துக்கொண்டால் தங்கள் தலைக்கும் கயிறு வரும் என்று தெரிந்தே சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஜூன் மாதம் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கத்திலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும் பெயர் சொல்லி அழைத்து, அந்நியனை எதிர்த்துத் திரளுங்கள் என்று வேண்டியது அந்த அறிக்கை. திரளாதவனுக்குப் பாவம் சேரும், நரகம் கிட்டும் என்று சாபமும் அதில் இருந்தது! நமக்கு அந்தச் சாபத்தில் நம்பிக்கையில்லை, ஆகவே அச்சமுமில்லை. சாபத்தைச் சிரித்துத் தள்ளிவிடலாம், பீரங்கியைத் தள்ள முடியாது. மருதிருவர் பீரங்கியைக் காட்டி அண்டை நாட்டாரை அழைக்கவில்லை. திண்டுக்கல் கோபால நாயக்கன் சேர்ந்தது தன் முடிவில். தோற்றார்கள். அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருதிருவருக்குத் தூக்கு. நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரைக்குத் தூக்கு. ஆனால் அந்தக் கூட்டணி தோற்ற பிறகும், 'எங்களை இழுத்து வந்து மாட்டிவிட்டார்கள்' என்று அதில் எவனும் புலம்பியதாக வரலாறு இல்லை.

"சரி ஐயா, எதிரி இட்லராக இருந்தால்? அப்போதுமா நேசநாட்டை நெருக்கக் கூடாது?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஒதுக்கிவிடக் கூடாத கேள்வி. இட்லரை எதிர்த்த போர் வேண்டிய போர்தான். அந்தப் போருக்கு இந்தியாவை எப்படி அழைத்தார்கள்? 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். முப்பத்தைந்து கோடிக்கு மேற்பட்ட மக்களுக்காக ஓர் ஆங்கிலேயர் அறிவித்தார்! மைய சட்டமன்றத்தைக் கேட்கவில்லை. மாகாண அமைச்சரவைகளைக் கேட்கவில்லை. பாசிசத்தை வெறுத்தவர்கள் இந்நாட்டில் ஏராளமாக இருந்தார்கள். கேட்டிருந்தால், விடுதலைக்கு உறுதி தந்து கேட்டிருந்தால், எத்தனையோ பேர் மனமுவந்து வந்திருப்பார்கள். கேட்காததால் என்ன நேர்ந்தது? சென்னையில் இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவை உட்படக் காங்கிரசு அமைச்சரவைகள் அந்த ஆண்டே பதவி விலகின. சிறைகள் நிரம்பின. சுமார் 25 இலட்சம் இந்தியர்கள் அந்தப் போரில் படைவீரர்களாயிருந்தும், இன்றுவரை அது 'நம் போர்' என்று நம் பாட்டிமார் வாயிலும் வரவில்லை, பாடப்புத்தகத்திலும் வரவில்லை. நியாயமான போரையும் பிறன் போராக்கிவிட்டது அந்த ஒரு நாள் அறிவிப்பு.

"ஒப்பந்தம் போட்டிருக்கிறதே!" என்பது அடுத்த வாதம். போட்டிருந்தால் நிறைவேற்ற வேண்டியதுதான். எழுதிய அளவுக்கு, எழுதிய நிபந்தனைப்படி. ஆனால் ஒப்பந்தங்களை எழுதியவர்களே எவ்வளவு எச்சரிக்கையாக எழுதினார்கள் என்பதைப் பாருங்கள். 1949-இல் உருவான நேட்டோ உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள்: ஒருவர் மீது தாக்குதல், எல்லார் மீதும் தாக்குதல். அதே பிரிவில், ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையென்று தோன்றும் நடவடிக்கையை எடுக்கும் என்றும் இருக்கிறது. தனக்குத் தோன்றும்! படைக்கூட்டணியிலேயே முடிவு அவரவர் கையில் விடப்பட்டிருக்கும்போது, கூட்டணியே இல்லாத வெறும் நட்பு நாட்டை 'நீ கடமைப்பட்டவன்' என்று அதட்டுவது எந்த நீதி?

எல்லா வாதங்களிலும் கொடியது மூன்றாவது: "எங்கள் சோற்றைத் தின்றாயே!" செஞ்சோற்றுக் கடன்! இந்தச் சொல்லை நம் மக்கள் எத்தனை காலமாகப் பூசித்து வருகிறார்கள்! துரியோதனன் பக்கம் நீதியில்லை என்பது கர்ணனுக்குத் தெரியும் என்கிறார்கள். தெரிந்தும் சோற்றுக் கடனுக்காகச் செத்தானே, அவனல்லவா உத்தமன் என்று உருகுகிறார்கள். கூத்தில் அந்தக் கட்டம் வந்தால் கண்ணீர் விடாதவர் இல்லை. நாம் கேட்கிறோம்: சோறு போட்டவன் சொன்னால் அநியாயத்துக்கும் வில் எடுக்கலாம் என்றால், அந்தச் சோறு விருந்தா, அச்சாரமா? கர்ணன் தன் உயிரைக் கொடுத்தான், போகட்டும். அவன் அம்புக்கு இரையான ஆயிரமாயிரம் பேர் எவன் வீட்டுச் சோற்றைத் தின்றார்கள்?

இது புராணத்தோடு முடிந்த கதையன்று. 1960-களில் நம் வீட்டு அடுப்படிக்கே வந்தது. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்படி கோதுமை வந்துகொண்டிருந்த காலம். 1965, 66 ஆண்டுகளில் மழை பொய்த்தது, நாட்டில் பஞ்சம். அதே நேரத்தில் வியட்நாமில் அமெரிக்கக் குண்டுகள் பொழிந்துகொண்டிருந்தன. குண்டுவீச்சை நிறுத்துங்கள் என்றது இந்தியா. அதிபர் ஜான்சன் என்ன செய்தார்? கோதுமையை அடியோடு நிறுத்தவில்லை; அப்படிச் செய்தால் உலகம் தூற்றும். ஆண்டுக் கணக்கில் ஒப்புக்கொள்வதை விட்டுவிட்டு, மாதக் கணக்கில், கப்பல் கப்பலாக அளந்து விட்டார். உழவுக் கொள்கையை மாற்றச் சொல்லி நெருக்கியதும் அதில் உண்டு. வியட்நாம் பற்றி வாய் திறந்ததற்கு வைத்த சூடும் அதில் உண்டு. போப்பாண்டவரும் ஐ.நா. செயலாளர் ஊதாண்டும் இதையேதானே சொல்கிறார்கள் என்று எடுத்துக் காட்டியபோது, அவர்களுக்கு நம் கோதுமை தேவையில்லையே என்று வாஷிங்டனில் விடை வந்ததாக, டில்லியில் அமெரிக்கத் தூதராயிருந்த செஸ்டர் பௌல்ஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒரு வரியில் முழு அரசியலும் அடங்கிவிட்டது! பசித்தவன் வாயைத் திறப்பது சோற்றுக்கு மட்டுமாக இருக்க வேண்டும், கருத்துக்கு அன்று!

அந்த நாட்களில் இங்கே அரிசிக்கு வரிசையில் நின்றார்கள் நம் தாய்மார்கள். ரூபாய்க்கு எத்தனை படி என்பதே 1967 தேர்தலின் பேச்சாக இருந்தது. ஒரு கைப்பிடித் தானியத்துக்குள் எத்தனை நாடுகளின் போர் ஒளிந்திருக்கிறது என்பது கம்பங்கூழுக்குக் காத்திருந்த கரிசல்காட்டுக் கிழவிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நமக்குத் தெரிகிறதே, நாம் சொல்லத்தான் வேண்டும்.

வியட்நாமுக்கு 'இன்னும் பல கொடிகள்' வேண்டும் என்று 1964 முதல் ஜான்சன் அரசு ஊர் ஊராகத் தட்டிக் கேட்டது. தென்கொரியா சென்றது. காசும் கருவியும் அமெரிக்கா தந்தது; மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட கொரியர்கள் முறைவைத்துப் போய் வந்தார்கள்; ஏறத்தாழ ஐயாயிரம் பேர் திரும்பவில்லை. பிரிட்டனையும் கேட்டார்கள். பவுன் நாணயம் ஆட்டம் கண்டு, டாலரின் கைத்தாங்கலில் நின்றுகொண்டிருந்த காலம் அது. என்றாலும் பிரதமர் வில்சன் படை அனுப்பவில்லை. பிரிட்டன் அழிந்தா போயிற்று? நட்பு முறிந்தா போயிற்று? 2003-இல் அதே பிரிட்டன் ஈராக்குக்குப் போயிற்று. 179 பேரைப் பறிகொடுத்தது. தேடிப்போன பேரழிவு ஆயுதங்கள் அங்கே இல்லை.

ஏமன் நாட்டின் கதை இதைவிடக் கசப்பானது. 1990 நவம்பர் 29-ஆம் நாள், ஈராக்கின் மீது படைபலத்தைப் பயன்படுத்த இசைவு தரும் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு அவையில் வந்தபோது, அந்த ஏழை நாடு எதிர்த்துக் கை தூக்கியது. நீங்கள் போட்ட வாக்குகளிலேயே விலையுயர்ந்த வாக்கு இதுதான் என்று அமெரிக்கத் தரப்பு அப்போதே சொல்லிவிட்டது. சில நாட்களில் ஏழு கோடி டாலர் உதவி நின்றது. சவூதி அரேபியாவில் பிழைத்துக்கொண்டிருந்த இலட்சக்கணக்கான ஏமன் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுடன் ஊர் திரும்ப நேர்ந்தது. குவைத்தை விழுங்கிய சதாம் உசேன் குற்றவாளி என்பதில் நமக்குத் தடையில்லை. அந்தக் குற்றத்துக்குத் தண்டனை, செங்கல் சுமந்துகொண்டிருந்த ஏமன் கூலிக்காரனுக்கா?

நம் நாடு எப்படி நடந்துகொண்டது? இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. 1991 வளைகுடாப் போரின்போது, அமெரிக்கப் படை விமானங்கள் இந்திய மண்ணில் எண்ணெய் நிரப்பிக்கொள்ள, சந்திரசேகர் அரசு இசைந்தது. நாடாளுமன்றத்தின் வாக்கைக் கேட்டு இசையவில்லை. செய்தி வெளிவந்து எதிர்ப்பு வலுத்த பிறகே அது நின்றது. 2003-இல், ஈராக்கில் நிறுத்துவதற்கு ஒரு படைப்பிரிவு அளவுக்கு வீரர்களை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டது. வாஜ்பாயி அரசுக்குள்ளேயே அனுப்பலாம் என்போர் இருந்தனர். அமெரிக்க நட்பு வளரும் வேளையில் மறுக்கலாமா என்று ஏடுகள் சில எழுதின. ஐ.நா.வின் தெளிவான ஆணையில்லாமல் அனுப்புவதற்கில்லை என்று ஜூலை 14-ஆம் நாள் அரசு முடிவு சொன்னது. அந்த ஆட்சியின் கொள்கைகளோடு நமக்குள்ள பிணக்கு வேறு. அந்த முடிவு சரியான முடிவு. மறுத்த பிறகு அமெரிக்க நட்பு குறைந்ததா? ஐந்தே ஆண்டுகளில், 2008-இல், அணுசக்தி உடன்பாட்டில் அதே அமெரிக்கா கையெழுத்திட்டது. மறுப்பவனை வல்லரசுகள் ஒழித்துக்கட்டிவிடும் என்று அச்சுறுத்துவோர் இதற்கு விடை சொல்லட்டும்.

எல்லா நேரத்திலும் மறுப்புக்குத் தண்டனை இல்லாமல் போகாது என்பதும் உண்மையே. உக்ரைன் போர் நடக்கையில் உருசிய எண்ணெயை வாங்குகிறாய் என்று சொல்லி, 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா மேலும் 25 விழுக்காடு வரி போட்டது. மொத்தம் 50 விழுக்காடு ஆயிற்று. உக்ரைன் மீது உருசியா தொடுத்தது அநியாயப் போர் என்பதே நம் கருத்து. டில்லி அதை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம் என்பதும் நம் கருத்து. ஆனால் வரியைச் சுமந்தவன் யார்? எண்ணெய் வாங்கியவனா, விற்றவனா? திருப்பூரில் பனியன் தைத்த பெண். தூத்துக்குடியில் இறால் உரித்த பெண். ஏமன் கூலிக்காரனுக்கு நேர்ந்ததேதான். நெருக்குதல் என்னும் தடி ஓங்கப்படுவது அரண்மனை நோக்கி. விழுவது எப்போதும் குடிசை மேல்.

"அப்படியானால் அநியாயப் போரைத் தடுக்க ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் எதுவுமே கேட்கக் கூடாதா?" கேட்கலாம். நாள் முழுதும் கேட்கலாம். சான்று காட்டலாம், வாதாடலாம், அதன் மக்கள் மன்றத்தில் வந்து நின்று பேசலாம், வெட்கப்படவும் வைக்கலாம். பேச்சு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது பேச்சு. கேட்கிறவன், சிந்தித்து, 'இல்லை' என்று சொல்லிவிட்டு, மறுநாளும் தன் வீட்டில் உலை வைக்க முடிகிறதா என்பதே உரைகல். முடிந்தால் அது வேண்டுகோள். முடியாவிட்டால் அது கயத்தாறு.

ஆகவே இளைஞர்கள் டில்லியை நோக்கிக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பிறர் போருக்கு நம் வீரனையோ, நம் துறைமுகத்தையோ, நம் விமானத் தளத்தையோ கொடுப்பதற்கு, நாடாளுமன்றத்தின் வாக்கு வேண்டுமென்று நம் அரசியலமைப்புச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அமைச்சரவை முடிவு செய்தால் போதும். நமக்குச் செய்தித்தாளில் தெரியும். 1991-இல் அப்படித்தான் தெரிந்தது. அமைச்சர்களிடம் ஆளனுப்பி நெருக்குவது வல்லரசுக்கு எளிது. அறைக்குள் பத்துப் பேரைப் பணிய வைக்கலாம். 543 பேர் அமர்ந்த மன்றத்தில், ஊரார் பார்க்க, வாக்கெடுத்துத்தான் முடிவு என்று ஆகிவிட்டால் அது கடினம். துருக்கியைப் பாருங்கள்! நேட்டோவின் உறுப்பு நாடு. ஈராக்கின் மீது வடக்கிலிருந்து பாய அமெரிக்கப் படைக்கு வழி கேட்டார்கள்; கோடி கோடியாக உதவி தருவதாகவும் சொன்னார்கள். அரசு இசையத் தயார். மக்களோ பெரும்பாலும் எதிர்ப்பு. 2003 மார்ச் 1-ஆம் நாள் அவர்கள் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு: ஆதரவு 264, எதிர்ப்பு 250, எப்பக்கமும் சேராதவர் 19. ஆதரவே கூடுதல்! ஆனால் வந்திருந்தோரில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது அவர்கள் சட்டம். மூன்று வாக்குகள் குறைந்தன. அமெரிக்கப் படையை ஏற்றி வந்து கடலில் காத்துக்கிடந்த கப்பல்கள், சுற்றிக்கொண்டு வேறு வழி போயின.

அப்படி ஒரு சட்டம் இங்கே வேண்டும் என்ற தீர்மானத்தை, முதலில் கோவில்பட்டிப் பகுதிப் படிப்பகங்களில் நிறைவேற்றுங்கள், தோழர்களே. தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இந்தக் கரிசல் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் படைக்குப் போகிறார்கள். அவர்கள் எந்த எல்லையில், எவருடைய போரில் நிற்கப் போகிறார்கள் என்பதை எவ்விடத்தில், எத்தனை பேர் கைதூக்கி முடிவு செய்வீர்கள் என்று அவரிடம் எழுத்தில் பதில் கேளுங்கள்.